எப்சிபா விழுந்த கிணறு

பந்தல்குடி
12 பிப்ரவரி 2024

ஜோயலுக்கு,

கிறிஸ்மஸ் கார்டுல கூட மேல ஆண்டவர் பேரை எழுதிட்டுத்தான் உனக்கு ஆரம்பிப்பேன். இன்னைக்கு எழுதல. இந்தக் காகிதத்துல அவர் பேரு வேண்டாம்.

அக்கா ஏன் போனை எடுக்க மாட்டேங்குறன்னு மெசேஜ் போட்டிருந்த. இனிமே உன்கிட்ட போன்ல பேசமாட்டேன். என் குரல் உன் கையில கிடைச்சா நீ அதை என்ன பண்ணுவன்னு பார்த்துட்டேன். அதான் கடிதம்.

சனிக்கிழமை நான் தையக்கடையில இருந்தப்ப பைக்குல நாலஞ்சு காலேஜ் பிள்ளைக வந்து இறங்குச்சுக. மதுரைப் பக்கமாம். "அக்கா, இந்த மணப்பெண் கிணறு எங்க இருக்கு?" ன்னு ஒரு பொண்ணு கேட்டா. அப்படி ஒரு கிணறு இங்க இல்லையேம்மான்னேன். அவ போனுல ஒரு வீடியோவைக் காட்டினா. நம்ம தோட்டத்துக் கிணறு. மோட்டார் ரூம் சுவத்துல அப்பா பெயிண்டால எழுதிவச்ச பைபிள் வசனம் பாதி அழிஞ்சு தெரியுது. மேல சிவப்பு எழுத்துல, 'கிணற்றுக்குள் இருந்து கூப்பிடும் கல்யாணப் பெண், அவிழாத மர்மம்' னு போட்டிருக்கு.

போனை வாங்கி நின்னபடி முழுசா பார்த்தேன். நம்ம தங்கச்சி எப்சிபாவுக்கு வேற ஏதோ பேரு வச்சிருக்க. வெள்ளைச் சேலை கட்டியிருந்தான்னு சொல்லியிருக்க. அவளை யாருடா பொண்ணு கேட்டு வந்தா? அன்னைக்கு அவ கட்டியிருந்தது என் பழைய பச்சைப் பாவாடை. துவைக்கப் போனவ.

அப்புறம் ஒரு பொம்பள அழுற சத்தம் கேட்டுச்சு. எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு நினைச்சேன். என் குரல். போன வருஷம் அவ நினைவு நாளன்னைக்கு மனசு தாங்காம உனக்கு வாட்ஸ்அப்புல பேசி அனுப்பினேன்ல, அது. நான் அழுறதுக்குக் கீழ வயலின் வாசிக்க வச்சிருக்க. பக்கத்துல நின்ன பொண்ணு, "இந்த இடம்தான்க்கா, கேட்டாலே உடம்பெல்லாம் சிலிர்க்கும்" னா. அது நான்தான்னு அவளுக்குத் தெரியல. போனைக் குடுத்துட்டுக் கடைக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன்.

கடைசியில 'எழுத்து: ஜோயல் வேதமுத்து' ன்னு வருது. அப்பா பேரையும் விடல நீ.

அதை எடுத்துரு. எடுத்துட்டு ஒரு வரி எழுது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஈவா

*

சென்னை
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன் கோபம் நியாயம்தான். ஆனால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு.

இந்த யூடியூப் சேனலில் ரெண்டு வருஷமாக எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். வாரம் ஒரு மர்மம் வேண்டும். காணாமல் போனவர்கள், பிணம் கிடைக்காத கொலை, ஆள் வாழாத பங்களா. சேனலை நடத்தும் காளீஸ்வரன் சார் ஒருநாள், "எல்லாம் வெளியூர்க் கதையாவே இருக்கே ஜோயல், உங்க ஊருப் பக்கம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். நான் யோசித்தபோது எனக்கு எப்சிபா ஞாபகம்தான் வந்தது. எப்போதும் வருகிற ஞாபகம்தானே.

பேரை மாற்றினேன். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. கிணற்றின் படத்தை வைத்து யாரோ கண்டுபிடித்துக் கீழே எழுதிவிட்டார்கள். வெள்ளைச் சேலை சாருடைய யோசனை. உன் குரலை மாற்றிப் போடுவதாகத்தான் பேச்சு, எடிட்டிங்கில் அப்படியே விட்டுவிட்டார்கள். வயலினும் நான் போட்டதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் செத்தபோது நம் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எத்தனையோ பேர் அவளுக்காக அழுகிறார்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்துப் பார். சிலர் அவளுக்காக ஜெபம் பண்ணியிருக்கிறார்கள்.

எடுப்பது என் கையில் இல்லை. சாரிடம் கேட்கிறேன். அம்மாவின் சுகரை அடிக்கடி பார்த்துக்கொள்.

தம்பி
ஜோயல்

*

பந்தல்குடி
6 மார்ச் 2024

ஜோயலுக்கு,

அவளுக்காக அழுறவுக யாருன்னு நேர்ல பார்த்தேன். எழுதுறேன், படி.

நம்ம தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்து, கிணத்துத் தண்ணிய மிளகாய்க்குப் பாய்ச்ச முடியல, நாறுதுன்னாரு. போய்ப் பார்த்தேன். படியெல்லாம் பீர் பாட்டிலு. தண்ணி மேல அழுகுன எலுமிச்சம்பழம், வளையல், தலைமுடியக் கட்டுன பொம்மை. கோழித்தலை ஒண்ணு உப்பி மிதக்குது. மோட்டார் ரூமுக்குள்ள ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் இருந்து வச்சிருக்காக. அப்பா எழுதுன வசனத்துக்கு நேர் கீழ. மூக்கை மூடிக்கிட்டு நின்னேன். இவுகதான் ஜெபம் பண்ணவுகளா?

அதைவிடக் கேவலம் ஒண்ணு நடந்துச்சு. சின்னத்துரை அண்ணனை உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. அன்னைக்குக் கிணத்துல குதிச்சு எப்சிபாவை வெளிய தூக்கிட்டு வந்தது அவருதான். இப்ப ரோட்டோரம் பஞ்சர் கடை வச்சிருக்காரு. போன வாரம் அவரு விறகுக்குக் கருவேலம் வெட்ட அந்தப் பக்கம் போயிருக்காரு. கிணத்துல வெள்ளைச் சேலை மிதக்குது. மறுபடியும் ஒரு பிள்ளை விழுந்துருச்சுன்னு நினைச்சு, அருவாளைப் போட்டுட்டுக் கத்திக்கிட்டே குதிச்சிட்டாரு. கட்டிப் பிடிச்சுத் தூக்குனா, சேலைக்குள்ள வைக்கோலு. படம் எடுக்க வந்தவனுக மிதக்க விட்டிருக்கானுக. அவரு அந்தச் சேலையக் கையில பிடிச்சுக்கிட்டு படியில ஏற முடியாம உட்கார்ந்திருக்க, அவனுக சிரிச்சுச் சிரிச்சு அதையும் படம் பிடிச்சிருக்கானுக.

அதை எவனோ போட, கீழ எல்லாரும் என்ன எழுதியிருக்காக தெரியுமா? 'கொலைகாரன் திரும்ப வந்துட்டான்.' 'இவன் ஏன் உடனே குதிச்சான்?' உன் படத்துல ஒரு இடத்துல, 'முதலில் குதித்தவன் யார்? அந்த நேரத்தில் அங்கே அவனுக்கு என்ன வேலை?' ன்னு வருது. அதைப் பிடிச்சுக்கிட்டாக. நேத்து அவரு கடைக் கதவுல சிவப்புப் பெயிண்டால 'கொலைகாரன்' னு எழுதிட்டுப் போயிருக்காக. அவரு சம்சாரம் பேச்சி மண்ணெண்ணெய் ஊத்தித் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிச்சு.

இப்ப நான் ஒண்ணு கேக்கேன். அவளுக்குச் சின்ன வயசுலயிருந்து வலிப்பு. அவ வலிப்புல துடிக்கும்போது நீதான் ஓடிப்போயி சாவிக்கொத்தை எடுத்து அவ கையில திணிப்ப. அம்மா அன்னைக்கு மிளகாய் பறிச்சுக்கிட்டே அவ படியில வெட்டி இழுத்து விழுந்ததைக் கண்ணால பார்த்தா. அம்மா கத்துன சத்தம் கேட்டுத்தான் அன்னைக்குக் கூலி வேலைக்கு வந்திருந்த சின்னத்துரை அண்ணன் ஓடிவந்தாரு. ஸ்டேஷன்லயும் அதையேதான் சொன்னா, டாக்டரும் அதையேதான் எழுதிக் குடுத்தாரு. இதுல எது மர்மம்? உன் படத்துல வலிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கா? அம்மான்னு ஒருத்தி இருக்காளா?

ஈவா

*

சென்னை
15 மார்ச் 2024

அக்கா,

இல்லை. ரெண்டுமே இல்லை.

என்னிடம் மழுப்பலான பதில்கள் நிறைய இருந்தன. எழுதி எழுதிக் கிழித்தேன். உண்மை இதுதான்: வலிப்பு வந்து விழுந்தாள் என்று சொன்னால் அது செய்தி. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அம்மா பார்த்தாள் என்று சொன்னால் கதையே கிடையாது. 'ஆரோக்கியமான பெண்' என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, அப்புறம் ஓடிவிட்டது.

சின்னத்துரை அண்ணன் பேரை நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நான் எழுதியதுதான். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு சந்தேக ஆள் வேண்டும், பார்க்கிறவர்கள் கீழே சண்டை போட. அந்த இடத்துக்கு யாராவது வேண்டியிருந்தது.

சாரிடம் எடுக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தக் குதிக்கிற வீடியோவை வைத்து ரெண்டாம் பாகம் தயாராகிறது. நான் எழுதமாட்டேன் என்று சொன்னேன். எனக்குக் கீழே வேலை பழகிய பையன் எழுதுகிறான்.

ஒரு வழி இருக்கிறது. நீயும் அம்மாவும் கேமரா முன்னால் வந்து பேசினால் ரெண்டாம் பாகத்தில் போடுவதாகச் சொல்கிறார். 'பதினைந்து வருஷம் கழித்து மௌனம் கலைத்த தாய்' என்று தலைப்பு வைத்து, மரியாதையாகப் போடுவார்களாம். அப்படியாவது அண்ணன் மேல் உள்ள பழி போகும். யோசித்துச் சொல்.

ஜோயல்

*

பந்தல்குடி
3 ஏப்ரல் 2024

ஜோயலுக்கு,

உன் யோசனையப் படிச்சுட்டு அந்தக் காகிதத்தை அடுப்புல போட்டேன். வருஷம் கூட அந்த ஆளுக்குச் சரியாத் தெரியல, தலைப்பு வச்சுட்டான். அதை நீ எனக்கு எழுதி வேற அனுப்புற.

ரெண்டாம் பாகம் வந்துருச்சு. சின்னத்துரை அண்ணன் முகத்தைச் சுத்தி சிவப்பு வட்டம். வந்த ரெண்டாவது நாளே கார்ல எவனோ நாலு பேரு வந்து, டயர் பஞ்சர்னு நிப்பாட்டி, அவரு குனிஞ்சு வீல் கழட்டும்போது அதே ஜாக்கி ராடால அடிச்சிருக்கானுக. ஒருத்தன் அடிக்க ஒருத்தன் படம் பிடிச்சிருக்கான். வலது கை முறிஞ்சு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில கிடக்காரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கோம். நான் பார்க்கப் போனேன். பேச்சி என்னை உள்ள விடல. வாசல்லயே நின்னுட்டு வந்தேன்.

ஈஸ்டர் அன்னைக்கு விடியுமுன்ன ஆராதனை முடிஞ்சு அம்மாவும் நானும் பூ எடுத்துக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எப்சிபா கல்லறைச் சிலுவைய ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக் கொண்டு போயிட்டாக. மண்ணு பிறாண்டிக் கிடக்கு. அது மேல யாரோ படுத்து எந்திரிச்ச தடம். உருகுன மெழுகுவத்தி, சாப்பிட்டுப் போட்ட பிரியாணிப் பொட்டலம், அதுல எறும்பு. அம்மா குனிஞ்சு அந்தப் பொட்டலத்தைக் கையால எடுத்தா. என்கிட்ட, நாய் இழுத்துட்டு வந்துருச்சா ஈவான்னு கேட்டா. நான் ஆமான்னு சொல்லியிருப்பேன். அதுக்குள்ள போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு பக்கத்துல வந்து, "அம்மா, நீங்க கல்யாணப் பொண்ணோட சொந்தக்காரங்களா? ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" னா.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னேன். அம்மா காட்டச் சொன்னா. காட்டினேன். முடிஞ்சதும் யாரு எழுதுனதுன்னு கேட்டா. சொன்னேன். அன்னைக்கு ஆக்குன கறிய எடுத்துக்கிட்டுப் போயி மாட்டுத் தொட்டியில கொட்டிட்டு வந்து படுத்துக்கிட்டா.

மறுநாள்லயிருந்து அம்மா சின்னத்துரை அண்ணன் கடை வாசல்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காந்துக்கிறா. காலையில போனா வெயில் இறங்குனப்புறம்தான் வாரா. கிணத்தைத் தேடி வாரவுகளும் கடையப் படம் எடுக்க வாரவுகளும் அவளைத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொருத்தரையும் நிப்பாட்டி, "நான்தான் அவளைப் பெத்தவ. அவ வலிப்பு வந்து விழுந்தா. நான் பார்த்தேன். இந்தக் கடைக்காரரு அவளை எடுக்கக் குதிச்சாரு" ன்னு சொல்றா. வேண்டாம்மா, உடம்பு தாங்காதுன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல.

உன் வேலைய அவ செஞ்சுக்கிட்டு இருக்கா.

ஈவா

*

சென்னை
24 ஏப்ரல் 2024

அக்கா,

வேலையை விட்டுவிட்டேன். விட்ட அன்றைக்கே என் முகத்தைக் காட்டி, என் பேரில் ஒரு வீடியோ போட்டேன். நான் அவளுடைய அண்ணன், அவளுக்கு வலிப்பு இருந்தது, என் அம்மா பார்த்தாள், தெரிந்தே மறைத்து எழுதினேன், சின்னத்துரை என்பவர் அவளைக் காப்பாற்றப் போனவர் என்று ஒளிக்காமல் சொன்னேன். போலீஸ் சைபர் கிரைமிலும் புகார் கொடுத்தேன். முதல் வீடியோவைக் காளீஸ்வரன் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ நகல் எடுத்துத் தங்கள் பேரில் போட்டுவிட்டார்கள். ஒன்றை எடுக்க வைத்தால் இன்னொன்று வருகிறது.

என் வீடியோவை முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 'தெரிந்தே மறைத்தேன்' என்று நான் சொல்கிற துண்டு. அதை மட்டும். இப்போது மூன்றாம் பாகம் வந்திருக்கிறது. அதில் சிவப்பு வட்டம் என் முகத்தில்.

நான்தான் தள்ளினேனாம். அவள் யாரையோ விரும்பினாளாம், குடும்ப மானத்துக்காக நான் தள்ளினேனாம், பழியைக் கூலிக்காரன் மேல் போட்டேனாம், இப்போது மனசாட்சி உறுத்துகிறதாம். அந்தப் பையன் நன்றாக எழுதியிருக்கிறான், அக்கா. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும், எல்லாம் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நொடி, அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கே ஆர்வம் வந்தது. அந்த நொடியை நினைத்தால் உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தெரியாத நம்பர்களிலிருந்து கூப்பிட்டு, எப்சிபா போல அழுது காட்டுகிறார்கள்.

நான் எழுதிய பழைய எபிசோடுகளைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றின் கீழே ஒரு அம்மா, 'இது என் மகள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் சார்' என்று எழுதியிருக்கிறார். அதற்குச் சேனல் பேரில் கும்பிடுகிற கை படம் ஒன்றைப் பதிலாகப் போட்டது நான்தான். போட்டதே மறந்துபோயிருந்தது.

எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வரட்டுமா? அம்மாவிடம் கேட்டு எழுது. அவள் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

ஜோயல்

*

பந்தல்குடி
19 மே 2024

ஜோயல்,

பதில் எழுத இத்தனை நாள் ஆயிருச்சு. நான் வேணும்னே தாமதிக்கல. என்ன எழுதுறதுன்னு தெரியல.

சின்னத்துரை அண்ணன் கடைய மூடிட்டாரு. கை சரியாச் சேரல, வீல் கழட்ட முடியாதாம். பேச்சியோட அண்ணன் வீடு விளாத்திகுளம் பக்கம், அங்க போயிட்டாக. லோடு ஆட்டோவுல சாமான் ஏத்தும்போது அம்மாவும் நானும் போய் நின்னோம். பேச்சி எங்களைத் திரும்பிப் பார்க்கல. அவரு மட்டும் இறங்கிவந்து, "அன்னைக்கு இன்னும் கொஞ்சம் வெரசா வந்திருந்தேன்னா பிள்ளைய உசிரோட எடுத்திருப்பேன் சின்னம்மா" ன்னாரு. இவ்வளவுக்கு அப்புறமும் அவரு மனசுல அதுதான் கிடக்கு. ஆட்டோ போனப்புறம் அம்மா ரோட்டுலயே உட்காந்துட்டா.

இப்ப அந்தப் பூட்டுன கடை முன்னாடி நின்னும் படம் எடுக்காக. மூணாம் பாகம் வந்ததுலயிருந்து நம்ம வீட்டையும் எடுக்காக. ஜன்னலைச் சாத்தியே வச்சிருக்கேன். கிணத்துக்கு முள்வேலி போட்டாச்சு. தண்ணிய மூணு தடவை இறைச்சும் நாத்தம் போகல.

அம்மாகிட்ட நீ வரலாமான்னு கேட்டேன். வரட்டும்னா. அவ்வளவுதான் சொன்னா. அதை அன்னைக்கே உனக்கு எழுதிப் போட்டிருப்பேன். அதுக்கடுத்து நடந்ததையும் நீ தெரிஞ்சுக்கிட்டு வரணும்.

நேத்து ரெண்டு பேரும் மொட்டைமாடியில மிளகாய் காயப் போட்டுக்கிட்டு இருந்தோம். அம்மா கையை நிறுத்திட்டு, "ஈவா, அன்னைக்கு அவ பின்னாடி யாரும் நின்னாகளா?" ன்னு கேட்டா.

எனக்குப் புரியல. "என்கிட்ட கேக்குறியேம்மா. நீதானே பார்த்த. நீ மட்டுந்தானே பார்த்த" ன்னேன்.

"பார்த்தேன். தினமும் எத்தனை பேரு வந்து கேட்டாக. நல்லாப் பார்த்தீங்களா, பின்னாடி ஒரு நிழல் இருந்துச்சா, கை தெரிஞ்சுச்சான்னு. நானும் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். இப்பக் கண்ணை மூடுனா ஒரு கை தெரியுது" ன்னா.

மிளகாய் நெடியில ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, என் முகத்தைப் பார்க்காம, "ஜோயல் அன்னைக்கு ஊருல இல்லல்ல?" ன்னு கேட்டா.

இல்லம்மா, அவன் பாளையங்கோட்டையில காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தான், நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன், அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்னு சொன்னேன். தெரியும் தெரியும்னு தலையாட்டுனா. தெரியும். ஆனா கேட்டா. பெத்த தாயி, தன் கண்ணால பார்த்தவ, கேட்டா.

நான் சொன்னது அவளுக்குப் பத்தல. இன்னைக்குக் காலையிலயும் அதே கேள்விய வேற மாதிரி கேட்டா.

நீ வா. வந்து அவ முன்னாடி உட்காந்து அவ கண்ணைப் பார்த்து நீயே சொல்லு. என்ன சொன்னா அவ கண்ணுல தெரியுற அந்தக் கை போகும்னு எனக்குத் தெரியல. எழுதத் தெரிஞ்சவன் நீதானே. பஸ்ஸுல வரும்போது யோசிச்சுக்கிட்டே வா.

ஈவா